ஹாட்ஃபீல்டின் பிரபு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். ஹாட்ஃபீல்டு ரயில் நிலையத்துக்கு எதிரே சிலையாக அமர்ந்திருக்கும் தாடிக்காரர் யார் என்று கேட்டிருந்தாய். அவர் மூன்றாவது சாலிஸ்பரி பிரபு, ராபர்ட் செசில். 1885க்கும் 1902க்கும் இடையே மூன்று முறை, மொத்தம் 13 ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர்.

முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் வழிவந்த குடும்பம் என்றாலும், 1830இல் பிறந்த இவர் பட்டத்துக்குரிய மூத்த பிள்ளையல்லர். ஈட்டன் பள்ளியில் மற்ற மாணவர்களின் கொடுமை தாங்காமல் படிப்பைப் பாதியில் விட்டார். பிரபு குலத்தில் பிறக்காத ஒரு நீதிபதியின் மகளைத் தந்தையின் விருப்பத்துக்கு மாறாக 1857இல் மணந்து, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் குடும்பம் நடத்தினார். அண்ணன் 1865இல் இறந்த பிறகே வாரிசானார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆயினும் அவரை நான் எடைபோடுவது வேறொரு கணக்கை வைத்து.

1866இல் அவர் முதன்முறையாக இந்தியா மந்திரியானபோது, அதாவது லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனிக்கும் அமைச்சரானபோது, ஒரிசாவில் பஞ்சம். ஆபத்தில்லை என்ற அதிகாரிகளின் சொல்லை நம்பி இரண்டு மாதம் வாளாவிருந்தார். அதற்குள் பருவமழை துறைமுகங்களை அடைத்துவிட, சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அந்தப் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பிற்காலத்தில் அவரே வருந்தியிருக்கிறார். 1874இல் மீண்டும் அதே பதவிக்கு வந்தபோது, பீகார் பஞ்சத்துக்குப் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கி, சாவைப் பெரும்பாலும் தடுத்தார்கள். ஆனால் செலவு மிகை என்ற கண்டனம் எழுந்தது.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். 1876இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும், பீகாரில் வாரி வழங்கியதற்காகத் திட்டு வாங்கிய ரிச்சர்டு டெம்பிளையே செலவைக் குறைக்கும்படி வைஸ்ராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் சில்லறைக் காசும் கூலியென்று வைத்தார்கள்; அது உயிர்வாழப் போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடியும், வசந்தம் வரை அதுவே நீடித்தது. தென்னிந்தியாவில் மட்டும் பல லட்சம் உயிர்கள் போயின. லண்டனில் அப்போது இந்தியா மந்திரி சாலிஸ்பரிதான். அவர் லிட்டனின் சிக்கனத்துக்குத் துணைநின்றார். ஒன்றும் அறியாதவர் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். ஒரிசாவை நெஞ்சில் சுமந்தவர் செய்ததை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை.

பிரதமராக அவர் பெரும்பாலும் வெளியுறவுத் துறையையும் தாமே வைத்துக்கொண்டு, ஐரோப்பியப் போர்களில் சிக்காமல் நாட்டை நடத்தியதை வரலாற்றாசிரியர்கள் புகழ்கிறார்கள். 1891இல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியதும் அவர் அரசுதான். ஹாட்ஃபீல்டு மாளிகைக்குள் போனால் அவர் காலத்து மின்விளக்கு முயற்சிகளைப் பற்றியும் கேட்டுப்பார். மனிதர் வீட்டிலேயே அறிவியல் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்.

1888இல் எடின்பரோவில் பேசியபோது, ஒரு கறுப்பரைப் பிரிட்டிஷ் தொகுதி எதுவும் தேர்ந்தெடுக்காது என்ற பொருள்பட பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட இந்தியத் தலைவர் தாதாபாய் நவ்ரோஜியை இளக்காரமாகக் குறிப்பிட்டார். அந்தப் பேச்சே நவ்ரோஜியை இங்கிலாந்து முழுக்கத் தெரிய வைத்தது. 1892 தேர்தலில் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் நவ்ரோஜி வென்றார். அதே தேர்தலில் சாலிஸ்பரி ஆட்சியை இழந்தார்.

அன்புடன்,
அப்பா