ரோபோ நின்றால் பிள்ளைகளிடமே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் பள்ளிகளுக்கு இடையிலான ரோபோ போட்டி ஒன்றுக்குப் போயிருந்தேன். என் மகள் உயர்நிலை 1 படிக்கிறாள், ரோபோட்டிக்ஸ்தான் அவளுடைய இணைப்பாட நடவடிக்கை. அன்று பார்த்ததை என்னைப் போன்ற பெற்றோர்கள் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

முதல் சுற்றிலேயே தகராறு. பள்ளியில் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழகாக ஓடிய ரோபோ, அந்த மண்டபத்தில் கோட்டை விட்டுவிட்டு எங்கோ போனது. கலர் சென்சார், தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்துதான் கறுப்பு எது, வெள்ளை எது என்று பிரிக்கிறது. விளக்கு மாறினாலோ பக்கத்தில் பெரிய ஜன்னல் இருந்தாலோ அந்த எண்களும் மாறிவிடும். சரி, அதைப் பிள்ளைகள் அங்கேயே மறுபடி அளந்து திருத்திவிட்டார்கள்.

அப்புறம் ஜைரோ, அதாவது ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் சென்சார், காலை வாரியது. ரோபோ அசையாமல் நிற்கிறது, ஆனால் திரையில் கோண எண் தானாக ஏறிக்கொண்டே போகிறது. 90 டிகிரி திரும்ப வேண்டிய இடத்தில் கோணலாகத் திரும்பி மேசை விளிம்பில் முட்டியது. அடுத்த சுற்றுக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு பையன் வந்தான், அடுத்து இவர்களோடு மோதப்போகும் அணிதான் அவனுடையது. "கையில் வைத்துக்கொண்டே ஆன் செய்தீர்களா? கீழே வைத்துவிட்டு ஜைரோ கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், கொஞ்ச நேரம் யாரும் தொடாதீர்கள்" என்றான். எண் பூஜ்யத்தில் நின்றது. அந்தச் சுற்றில் என் மகளின் அணி சில புள்ளிகளில் ஜெயித்தது, முதலில் வந்து கைகொடுத்ததும் அவன்தான்.

அதே நேரத்தில் இன்னொரு மேசையில் ஒரு தந்தை, ரோபோ கிளம்பவில்லை, மறுபடி ஓட விடுங்கள் என்று நடுவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவர் ஒரு தொண்டூழியர், பார்த்தால் பாலிடெக்னிக் மாணவி மாதிரி இருந்தார், முகமே சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அந்தத் தந்தையின் மகன் தலையைத் தூக்கவே இல்லை. முதல் சுற்றில் நானும் எழுந்து பாதி தூரம் போனவன்தான், விளக்கு சரியில்லை என்று சொல்ல. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற அனைத்துலக மாணவர் ரோபோ போட்டிகளில் ரோபோவின் ஓட்டத்தோடு அணியின் பண்பும் மதிப்பிடப்படுகிறது. கடுமையாகப் போட்டி போடு, ஆனால் எதிரணியை மதி, முடிந்தால் உதவு என்கிற அந்தக் கொள்கையை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் பரப்பினார். அன்று எங்கள் போட்டியில் அதற்குப் புள்ளி கிடையாது. அந்தப் பையன் புள்ளிக்காகச் செய்யவும் இல்லை. தோற்றுவிடுவோமோ என்று பயந்து முண்டியடிக்கும் நம்முடைய கியாசு குணம் பிள்ளைகளுக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

மேசையிலோ கடிகாரத்திலோ கோளாறு என்றால் மறுஓட்டம் கேட்பது நியாயம்தான். அதையும் பிள்ளைகளே போய்க் கேட்கட்டும். ஏற்பாட்டாளர்கள் பெற்றோரைப் பார்வையாளர் இருக்கையோடு நிறுத்திவிட்டு, போட்டி நடக்கும் அதே விளக்கின்கீழ் ஒவ்வோர் அணிக்கும் இன்னும் கொஞ்சம் பயிற்சி நேரம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்