செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: 22 சனிக்கிழமைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இந்த மாடி அறையில் எதிரே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, ஸ்பீக்கர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வெளியூர், வெளிநாட்டு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். லண்டனில் இன்று அதிகாலைதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நேரத்துக்கு வந்துவிட்ட நம் உறுப்பினருக்குத் தனியாக ஒரு வணக்கம். போன நவம்பரில் இதே கணக்கில்தான் நாம் தடுமாறினோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, பாத்திரங்களாகப் பேசி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதை விளையாட்டில் 26 ஆட்டங்கள் நடத்தத் திட்டமிட்டோம். 22 நடந்தன. அதற்கு முந்தைய முயற்சி 2023 ஜூனில் தொடங்கி பத்து மாதம் இழுத்தது. மொத்தம் 7 ஆட்டம்தான் நடந்தது. ஆட்கள் அதேதான், ஆட்டமும் அதேதான். 7 எப்படி 22 ஆனது என்பதைத்தான் இந்த அறிக்கையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மற்ற விஷயங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

நம் சங்கம் கேரம், சதுரங்கம், பலகை விளையாட்டுகளுக்காகத் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போது உறையூர், தில்லைநகர், ஸ்ரீரங்கம் என்று எல்லோரும் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தோம். இன்று உறுப்பினர் 10 பேரில் திருச்சியில் இருப்பது 3 பேர். சென்னை, பெங்களூரு, புதுச்சேரி, சிங்கப்பூர், லண்டன் ஆகிய ஊர்களில் ஒவ்வொருவர், டொராண்டோவில் 2 பேர். கேரம் பலகையைச் சுற்றி இனி இவர்கள் உட்கார முடியாது. அதனால்தான் சேர்ந்து ஆட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத் தேர்ந்தெடுத்தோம். ஒருவர் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) ஆக இருந்து கதையின் உலகத்தை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள், முடிவு நிச்சயமில்லாத இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்கிறது. இதற்குப் பலகை வேண்டாம், குரல் போதும். ஆனால் கதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர வேண்டும். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப ஒன்றுகூடினால்தான் அது உயிரோடு இருக்கும்.

முதல் முயற்சியில் நாம் செய்தது என்னவென்றால், எல்லோருக்கும் வசதியான நாளைத் தேடியது. மாதா மாதம் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைப்போம். எட்டுப் பேர் சனிக்கிழமை என்பார்கள், ஒருவர் ஞாயிறு என்பார், ஒருவர் பதிலே போடமாட்டார். சரி, அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளுவோம். அடுத்த வாரம் வேறொருவருக்குக் கல்யாணம். இப்படியே இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஏழு வாரம் கூட ஓடிப்போனது. திரும்பிக் கூடும்போது குகைக்குள் ஏன் போனோம் என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் நாள் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடிக்கொண்டே இருந்ததுதான் அந்தக் கதையைக் கொன்றது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2024 மார்ச்சில் நடந்த செயற்குழுவில் பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார். “பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது இத்தனை பேர் வந்தால் போதும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை, வைத்திருக்கிறோம். எல்லா உறுப்பினரும் வந்தால்தான் கூட்டம் என்றா வைத்திருக்கிறோம்? ஆட்டத்துக்கு மட்டும் ஏன் அப்படி?” அன்றைக்கே முடிவானது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, இந்திய நேரம் மாலை 7:30 முதல் 10 வரை. டி.எம்.முடன் மூன்று பேர் இருந்தால் ஆட்டம் உண்டு. வருவதும் வராததும் வியாழன் இரவுக்குள் தெரிய வேண்டும். நாள் மாறாது, யாருக்காகவும்.

அந்த நேரத்தை எடுத்தோம் கவிழ்த்தோம் என்று வைக்கவில்லை. இங்கே 7:30 என்றால் சிங்கப்பூரில் இரவு 10, கோடைக்காலத்தில் லண்டனில் மாலை 3, டொராண்டோவில் காலை 10. நமக்கு வசதியான ஞாயிறு காலை 8 மணியை வைத்திருந்தால் லண்டனில் விடியற்காலை 3:30 ஆகியிருக்கும். சிங்கப்பூர் அண்ணன்தான் விட்டுக்கொடுத்தார். ஆட்டம் முடியும்போது அவருக்கு நள்ளிரவு 12:30. அவருக்காகவே மூன்று மணி நேர ஆட்டத்தை இரண்டரை மணி நேரமாகக் குறைத்தோம். இந்த ஆண்டு ஒரு தடவை கூட 10 மணியைத் தாண்டவில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

நாளை நிர்ணயித்தால் மட்டும் போதாது, கதையின் அமைப்பும் அதற்கு ஒத்துவர வேண்டும். பாதிப் பேர் குகைக்குள் மாட்டியிருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தினால், அடுத்த முறை வேறு நான்கு பேர் வந்தால் என்ன செய்வது? இதற்கு நம் டி.எம். பென் ராபின்ஸ் என்பவர் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற கேம்பெய்னை (பல ஆட்டங்களாக நீளும் தொடரை) முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். அதில் நிரந்தர நேரம் கிடையாது, நிரந்தரக் குழு கிடையாது, தொடர்கதையும் கிடையாது. ஒவ்வொரு ஆட்டமும் ஊரில் தொடங்கி ஊருக்குத் திரும்புவதில் முடியும். எங்கே போவது, எப்போது ஆடுவது என்பதை ஆட்டக்காரர்களே கூடித் தீர்மானிப்பார்கள். நாம் அதில் பாதியை எடுத்துக்கொண்டோம். நேரத்தை ஆட்டக்காரர்களிடம் விடவில்லை. விட்டால் நம்மிடம் என்ன ஆகும் என்று முந்தைய ஆண்டே பார்த்துவிட்டோம். ஊருக்குத் திரும்பும் விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். நம் கதையின் ஊர் மணல்துறை. அங்கே ஆற்றங்கரையில் ஒரு சத்திரம். 9:40-க்கு மேல் யாரும் புதிய கதவைத் திறப்பதில்லை, 10 மணிக்குள் எல்லோரும் சத்திரத்துத் திண்ணைக்கு வந்துவிட வேண்டும்.

பலர் வந்து போகும் ஆட்டம் என்பது புதிதாக யாரோ கண்டுபிடித்த சலுகை இல்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் விதிப் புத்தகமே ஒரு கேம்பெய்னில் 4 முதல் 50 பேர் வரை ஆடலாம் என்கிறது. அத்தனை பேரும் ஒரே மேசையில் ஒரே நாளில் உட்கார்ந்திருக்க முடியாது அல்லவா? கைகாக்ஸ் 1979-ல் எழுதிய டி.எம். கையேட்டில், காலக்கணக்கைக் கறாராக எழுதி வைக்காமல் உருப்படியான கேம்பெய்ன் நடத்த முடியாது என்று பெரிய எழுத்தில் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே கடைப்பிடித்தோம். ஆட்டம் இல்லாத 14 நாளும் மணல்துறையில் 14 நாளாகவே கழிகிறது. வராதவரின் பாத்திரம் ஊரில் தங்கி ஏதாவது வேலை செய்யலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். லண்டன் உறுப்பினர் செவிலியர். ரோஸ்டர், அதாவது பணி நேர அட்டவணை, அவர் கையில் இல்லை. தொடர்ந்து மூன்று ஆட்டங்களுக்கு அவரால் வர முடியவில்லை. திரும்பி வந்தபோது மணல்துறையில் 56 நாள் ஓடியிருந்தது. “இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?” என்று டி.எம். கேட்டார். “பரிசல் முடைந்தேன்” என்றார் அவர். அன்று இரவு நாங்கள் நான்கு மாதமாகக் கடக்க முடியாமல் நின்ற ஆற்றை அந்தப் பரிசலில்தான் கடந்தோம். வராமல் இருந்த நாட்களே அவர் கொண்டுவந்த சீதனமாகிவிட்டது. அக்கரையில் இறங்கியபோது யாரும் சில நொடி பேசவில்லை.

முந்தைய முயற்சியில் வராதவரின் பாத்திரத்தை மற்றவர்கள் சேர்ந்து ஆட்டிவைப்போம். இரவுப் பணியில் இருந்த ஒரு உறுப்பினரின் பாத்திரம் அப்படி ஆடும்போது செத்துப்போனது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு மாதம் அவர் யாருடனும் பேசவில்லை. அது நாம் செய்த தவறு. இனி ஒருவர் இல்லாதபோது அவர் பாத்திரத்தை யாரும் தொடுவதில்லை என்ற விதி அதனால்தான் வந்தது.

பாத்திரத்தின் வலிமையைக் காட்டும் லெவல் விஷயத்தில் செயற்குழுவில் காரசாரமாகவே பேசிக்கொண்டோம். 22 ஆட்டத்துக்கும் வந்தவருக்கும் 11 ஆட்டத்துக்கு வந்தவருக்கும் ஒரே லெவலா என்று இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்தாம் லெவல் ஆட்களுக்கு நடுவே இரண்டாம் லெவல் ஆள் ஒருவர் நின்றால் முதல் அடியிலேயே விழுந்துவிடுவார், அப்புறம் அவர் அடுத்த முறை ஏன் வர வேண்டும்? எல்லோருக்கும் ஒரே லெவல் என்று தீர்மானித்தோம். வந்தவர்களுக்குக் கிடைத்த பொன்னும் பொருளும் அவர்களுக்கே. இதில் இன்னும் உடன்படாத உறுப்பினர் இன்று பேசலாம்.

நடக்காத நான்கு ஆட்டங்களின் கணக்கு. ஜூலை 13 டி.எம்.முக்குக் காய்ச்சல். செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்தி, இரண்டே பேர்தான். ஜனவரி 11 பொங்கலுக்கு எல்லோரும் ரயிலிலும் பஸ்ஸிலும் இருந்தார்கள். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை விமான நிலையமே மூடப்பட்ட நாள் அது. புயல் இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் அங்கே 40 செ.மீ.க்கு மேல் மழை. ஆட்டம் இல்லை என்று மதியமே அறிவித்துவிட்டோம். ஆனால் 7:30-க்கு வழக்கம்போல ஒவ்வொருவராகக் குரல் அறைக்குள் வந்துவிட்டார்கள். யாரும் ஆட வரவில்லை. புதுச்சேரித் தம்பியிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்கத்தான் வந்தார்கள். போன் கிடைக்கவில்லை. திங்கட்கிழமைதான் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து பேசினார், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. டிசம்பர் 14 ஆட்டத்துக்கு நண்பர் வீட்டிலிருந்து அவர் இணைந்தார். அவருடைய பாத்திரத்தின் திறமையும் உடைமையும் எழுதிய கேரக்டர் ஷீட் தண்ணீரில் போய்விட்டது. டொராண்டோ உறுப்பினரின் துணைவியார், அவரும் நம் உறுப்பினர்தான், ஆட்டக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து முழு ஷீட்டையும் திரும்ப எழுதி வைத்திருந்தார். “ஓம், கயிறு 50 அடியும் இருக்கு, சரிபார்த்துப் போட்டனான்” என்று அவர் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தக் குறிப்புகள் இருந்ததற்குக் காரணம், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒருவர் பத்து வரியில் நடந்ததை எழுத வேண்டும் என்ற ஏற்பாடு. எழுதியவருக்கு அடுத்த ஆட்டத்தில் ஒரு பகடையை மறுபடி உருட்டும் உரிமை. எழுத நேரமில்லாதவர் குரல் பதிவாக அனுப்பலாம். 22 ஆட்டத்துக்கும் குறிப்பு இருக்கிறது, ஒன்று கூட விடுபடவில்லை.

நவம்பர் 2-க்கு வருகிறேன். தீபாவளி முடிந்த இரண்டாம் நாள். அறிவிப்பில் ஒவ்வொரு ஊரின் நேரத்தையும் நானே கணக்குப் போட்டு எழுதி வந்தேன். லண்டனில் அக்டோபர் 27-லேயே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். டொராண்டோவில் நவம்பர் 3-ல்தான் தள்ளினார்கள். நடுவே இருந்த அந்த ஒரு சனிக்கிழமையில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 5 மணி நேரத்துக்குப் பதில் 4. நான் லண்டனுக்குப் பழையபடி மாலை 3 என்று எழுதிவிட்டேன். மதியம் 2 என்று இருந்திருக்க வேண்டும். அரிதாகக் கிடைத்த ஒரு விடுமுறை நாளில் அவர் ஒரு மணி நேர ஆட்டத்தை இழந்தார். அவரிடம் மீண்டும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு இந்திய நேரத்தை மட்டுமே எழுதுகிறோம். டிஸ்கார்ட் செயலியில் நேரக்குறியீடாகப் போட்டால் அவரவர் போனில் அவரவர் ஊர் நேரமாகவே தெரிகிறது. இந்த மார்ச்சில் டொராண்டோ 9-ஆம் தேதியே மாறியது, லண்டன் இன்றுதான் மாறியது. இடையில் வந்த 22-ஆம் தேதி ஆட்டத்துக்கு அனைவரும் சரியான நேரத்தில் இருந்தார்கள்.

ஜூலைக் காய்ச்சல் இன்னொரு பலவீனத்தைக் காட்டியது. எல்லாம் ஒருவர் தலையில் இருந்தது. அதன் பிறகு சென்னை உறுப்பினர் ஓரிரவில் முடியும் கதை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டார். பிப்ரவரி 8 அன்று டி.எம். வெளியூர் போக வேண்டியிருந்தபோது அது கைகொடுத்தது. இதோடு சேர்த்து என் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். கதையை நடத்துபவரே ஆட்களைக் கூட்டும் வேலையையும் செய்யக் கூடாது. வியாழக்கிழமை நினைவூட்டுவது, பதில் போடாதவரைக் கூப்பிட்டுக் கேட்பது, கோரம் எண்ணுவது எல்லாம் செயலாளர் வேலை. முதல் முயற்சியில் இரண்டையும் டி.எம். ஒருவரே சுமந்தார். ஏழாவது ஆட்டத்தில் அவர் களைத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஏப்ரல் 20 பற்றி ஒரு வார்த்தை. முந்தைய நாள் ஓட்டுப் போட ஊருக்கு வந்த மூவரும் தங்கிவிட்டதால், இந்த அறையில் ஆறு பேர் நேரில் உட்கார்ந்து ஆடினோம். மற்ற நால்வரின் குரல் நடுவில் வைத்த ஸ்பீக்கரில். பத்துப் பேரும் இருந்த ஒரே ஆட்டம் அதுதான்.

விதிச் சுருக்கத்தை எட்டுப் பக்கத்தில் தமிழாக்கி எல்லோருக்கும் கொடுத்தோம். அடிப்படை விதிகளின் ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு மொழிபெயர்க்கத் தடையில்லை. பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் ஹிட் பாயின்ட்டுக்கு உயிர்ப்புள்ளி என்பது நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் சேவிங் த்ரோவுக்கு நான்கு சொல் முயன்றோம், எதுவும் நிற்கவில்லை, அது சேவிங் த்ரோவாகவே இருக்கிறது.

வரவு செலவு: ஆண்டுத் தொடக்க இருப்பு ₹3,240. சந்தா பத்துப் பேருக்கு ₹600 வீதம் ₹6,000. அறை வாடகை நான்கு முறை ₹2,000, அச்சுச் செலவு ₹1,150, பகடை ₹900, மைக் வைத்த ஹெட்செட் இரண்டு ₹2,400. இருப்பு ₹2,790. பொருளாளர் ரசீதுகளை வைத்திருக்கிறார்.

மாதத்துக்கு ஒரு ஆட்டத்தைச் சென்னை உறுப்பினர் நடத்தலாம் என்றும், டி.எம். அந்த நாளில் ஒரு பாத்திரமாக ஆடலாம் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டு முயற்சியிலும் அவர் ஒரு பாத்திரம் எடுத்து ஆடவே இல்லை. இதைப் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன்.

அடுத்த ஆட்டம் ஏப்ரல் 5, சனிக்கிழமை, மாலை 7:30. பரிசல் அக்கரையில் கட்டியிருக்கிறது. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்
திருச்சிராப்பள்ளி
30.3.2025