மேஸ்திரியின் சார்பில் ஒரு நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

வணக்கம். கோத்தகிரியில், பறித்த தேயிலையை எடைபோட்டு வாங்கும் எங்கள் தெருமுனை இலை ஷெட்டுக்கு மூட்டை கொண்டுவரும் எல்லோருக்கும் மேஸ்திரியைத் தெரியும். காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வாலைத் தூக்கிக்கொண்டு, யார் ஒழுங்காகக் கொழுந்து கிள்ளுகிறார்கள் என்று மேற்பார்வை பார்ப்பதுபோல நடந்து போகும் சாம்பல் நிறக் கடுவன் பூனை. யார் வீட்டுப் பூனையும் இல்லை. ஆறு வருடமாகச் சோறு வைக்கிறேன். ஒருநாளும் ஆறடிக்குள் வந்ததில்லை. அவனுக்கு நன்றி சொல்லத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

போன மார்கழியில் அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். வலது கன்னத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வீக்கம். நாலு நாளில் அது எலுமிச்சம்பழம் ஆகி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடிவிட்டது. ஐந்தாம் நாள் கருவாட்டையே முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். சரி, காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, மெடிக்கல் ஷாப்பில் பாரசிட்டமால் சிரப் கேட்டேன்.

கடைத் தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி. "குழந்தை எத்தனை கிலோ?" என்றீர்கள். "மூன்று கிலோ இருக்கும்" என்றேன். "பிறந்த குழந்தையா!" என்று பதறினீர்கள். பூனை என்றதும் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டீர்கள். பூனையின் ஈரலால் பாரசிட்டமாலை முறிக்க முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும், ஒரே மாத்திரை போதும் உயிரை எடுக்க என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "எங்க வீட்டுல ஒண்ணு அப்படித்தான் போச்சுக்கா" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். இது காட்டுப்பூனை அல்ல, காட்டில் திரிகிற வீட்டுப்பூனை. சிறுத்தை பார்த்துக்கொள்ளும், விடுங்கள் என்றார் இன்னொருவர். அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

வெல்டிங் பட்டறை அண்ணா, பழைய கோழிக்கூண்டுக்கு மேலிருந்து விழுகிற கதவு ஒன்று வைத்துக் கொடுத்தீர்கள். பூனை மிதிக்கும் தகட்டைச் சரியாகக் கடைசியில் வைக்க வேண்டும், முன்னால் வைத்தால் கதவு வால்மேல் விழும் என்று மூன்று முறை மாற்றினீர்கள். காசு வாங்கவில்லை. இரண்டு இரவு நெத்திலிக் கருவாட்டை எறும்புகள்தான் தின்றன. மூன்றாம் இரவு மத்தி மீனை வதக்கி வைத்தேன். பத்தே முக்காலுக்கு 'டணார்' என்று சத்தம். கூண்டுக்குள் அவன் ஆடிய ஆட்டத்தில் தெருவே எழுந்துவிட்டது. மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடியதும் சட்டென்று அடங்கினான். இருட்டாக இருந்தால் பூனைக்கு பயம் குறையுமாம். எதிர்வீட்டுப் பாட்டி, அன்றைய குளிருக்கு உங்கள் ஒத்தடப் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தீர்களே, அதை அவன் கீறிவிட்டான். புதிது வாங்கித் தருகிறேன்.

மறுநாள் இலை வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே கூண்டை ஏற்றிக்கொண்டு போன டிரைவர் அண்ணாவுக்கும் நன்றி. வழியெல்லாம் ஹாரன் அடிக்காமல் ஓட்டினீர்கள். அந்த வளைவுகளில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா, உங்களைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. கூண்டின் கம்பி வழியாகவே மயக்க ஊசி போட்டு, கன்னத்து முடியை மழித்து, இரண்டு சின்னத் துளைகளைக் காட்டினீர்கள். இன்னொரு கடுவனின் பல் பதிந்த இடம். ஊசிபோல இறங்கும் பல், மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி மட்டும் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும் என்றீர்கள். கீறியதும் வந்த நாற்றத்தில் நான் வெளியே ஓடினேன். நீங்கள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. காய்ச்சல் 104 டிகிரி, எடை 3 கிலோ 200. ஏழு நாளைக்கு மாத்திரையை மீனுக்குள் ஒளித்துக் கொடுக்கச் சொன்னீர்கள். பால் வைக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னதற்குத் திட்டும் வாங்கினேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காதாம், வயிற்றால் போகுமாம்.

காய்ச்சல் இறங்கி, அவனை விடும் முன்பே கருத்தடையும் செய்துவிடலாம், இன்னொரு தடவை இவன் கூண்டுக்குள் வருவான் என்று நம்பாதீர்கள் என்றதும் நீங்கள்தான். பெட்டைக்காக அலைவதும் சண்டையும் குறையும். கடி வழியாகப் பூனைக்குப் பூனை பரவுகிற, எய்ட்ஸ் மாதிரியான ஒரு நோய்க்கும் வாய்ப்பு குறையும். மனிதருக்கு அது வராது என்று நான் கேட்கும் முன்பே சொன்னீர்கள். அடையாளத்துக்காகக் காது நுனியைக் கொஞ்சம் நறுக்கி, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு அனுப்பினீர்கள்.

அதற்கு முன்பே அவன் என்னைக் கடித்துவிட்டிருந்தான். கூண்டுக்கு வந்த நாலாம் நாள், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை விட்டது என் தப்பு. கட்டைவிரலில் ரத்தம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போனேன். பூனைதானே என்று இழுத்த என்னிடம், "நாய்க்கு மட்டும்தான் வெறிநோய் வரும்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்ட நர்ஸ் அக்காவுக்கு நன்றி. காயத்தைச் சுற்றி ஒரு மருந்து. அப்புறம் அன்றைக்கும், 3, 7, 28 ஆம் நாட்களிலும் இரண்டு கைகளிலும் ஊசி. ஒரு பைசா செலவில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளிக் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கென்றே தொடங்கிய இடம். இந்த மலையில் இருந்துகொண்டு ஊசிக்கு நான் தயங்கியிருக்கவே கூடாது.

பத்தாம் நாள் கதவைத் தூக்கினேன். திரும்பிப் பார்க்காமல் தேயிலைக்குள் பாய்ந்தான். ஒரு வாரம் ஆளையே காணோம். வைத்த மீன் மட்டும் காலையில் காலியாக இருந்தது.

கூண்டு என் வீட்டுப் பின்கட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இலை ஷெட் கணக்கர் அண்ணாவுக்கு. போன வாரம் தராசுத் தட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவனை விரட்டாமல், இலை மூட்டைக்கு எழுதுவதுபோலவே சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன். 'மேஸ்திரி, 4 கிலோ 100. ஈரத்துக்காக எடை கழிக்கவில்லை.'

இப்படிக்கு,
இலை ஷெட்டுக்குப் பின்வீட்டு டீச்சர்