சப்வூஃபர்: அங்குலமும் வாட்ஸும் சொல்லாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு ஸ்டீரியோவுக்கு சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலியை மட்டும் எழுப்பும் தனி ஸ்பீக்கர் பெட்டி) தேர்ந்தெடுப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை, கோனின் (முன்னும் பின்னும் அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பு) அங்குலத்தையும் பெட்டியில் அச்சிட்ட வாட்ஸையும் வைத்தே எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியிருக்கிறது. படம் பார்ப்பவருக்கு அது ஓரளவு போதும். இரண்டு ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுக் கேட்பவருக்குப் போதாது. அவருடைய ஸ்பீக்கர்கள் பாஸில் எந்த இடத்தில் கைவிடுகின்றனவோ, அந்த இடத்தில் தையல் தெரியாமல் ஒட்டுகிற சப்வூஃபர்தான் அவருக்கு வேண்டும்.

கடைக்குப் போகுமுன் ஆம்பின் (ஆம்ப்ளிஃபையர்) பின்பக்கத்தைப் பாருங்கள் என்றுதான் கட்டுரை தொடங்கியிருக்க வேண்டும். படம் பார்ப்பதற்கான ஏவி ரிசீவரில் சப்வூஃபருக்கென்று தனி வெளியீடு இருக்கும். அதுவே பாஸைப் பிரித்து அனுப்பிவிடும். பல ஸ்டீரியோ ஆம்ப்களில் அது கிடையாது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'ப்ரீ அவுட்' இருந்தால் அதிலிருந்து எடுக்கலாம். ரெக்கார்டிங்குக்கான 'ரெக் அவுட்'டில் செருகினால் வால்யூமைக் குறைத்தாலும் சப்வூஃபர் குறையாது. இரண்டும் பயன்படாது என்றால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் 'ஹை லெவல்' உள்ளீடு கொண்ட சப்வூஃபரைத் தேட வேண்டும். அது ஆம்பிலிருந்து இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. ஆம்புக்குச் சுமை அதிகரிக்காது. சப்வூஃபரில் 'எல்எஃப்இ' (சினிமாவின் தனி பாஸ் தடத்துக்கானது) என்று ஒரு சாக்கெட் இருந்தால் கவனம். பெரும்பாலும் அது மேல் ஸ்வரங்களை வடிகட்ட உள்ளே இருக்கும் ஃபில்டரைத் தாண்டிப் போய்விடும். ஸ்டீரியோ சிக்னலை அதில் கொடுத்தால் பாடகரின் குரலும் சப்வூஃபரில் கேட்கும்.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப, கோன் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 80 அதிர்வு) 40-க்கு இறங்கினால் 4 மடங்கு, 20-க்கு இறங்கினால் 16 மடங்கு. நாலு தந்தி பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. ஆகவே 30 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும் சப்வூஃபர் பெரும்பாலான இசைக்குப் போதுமானது. சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த பவரில் அதிக சத்தம்: இந்த மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். ஹாஃப்மன் விதி என்று இதைச் சொல்வார்கள். ஒரு கன அடிகூட இல்லாத பெட்டியில் 1000 வாட்ஸ் ஆம்ப் இருப்பது இதனால்தான். வால்யூமை ஏற்றும்போது சப்வூஃபரைக் காக்க உள்ளிருக்கும் லிமிட்டர் தலையிட்டு பாஸைக் குறைத்துவிடும். கடை டெமோவில் அடக்கமாகக் கேட்டால் இது தெரியவே தெரியாது.

முழுக்க மூடிய பெட்டியில் பாஸ் ஸ்தாயிக்கு 12 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று மெதுவாகச் சரியும். போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பெட்டியில், அந்தப் போர்ட் இசைந்து ஒலிக்கும் அலைவரிசைக்குக் கீழே 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். அதற்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இருக்காது, வெறுமனே அடித்துக்கொள்ளும். மூடிய சிறு அறை தாழ்ந்த அலைகளைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும் என்பதால், நடுத்தர அறை வரை பாட்டுக்கு மூடிய பெட்டியே என் தேர்வு. பெரிய திறந்த கூடத்துக்குப் போர்ட் வைத்தது தேவைப்படலாம்.

'20–200 ஹெர்ட்ஸ்' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத விவரத்தாளை நம்ப வேண்டாம். சப்வூஃபரால் எவ்வளவு சத்தம் தர முடியும் என்று அளக்கும் சிஇஏ-2010 முறையில் கிடைத்த எண்கள் கிடைத்தால் அவையே மேல். அதிலும் ஒருவர் 1 மீட்டரில் உச்ச அளவையும், இன்னொருவர் 2 மீட்டரில் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) அளவையும் தருவார். இரண்டுக்கும் 9 டெசிபல் வித்தியாசம். அதைக் கழிக்காமல் ஒப்பிடக் கூடாது.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோனது அறையை. எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியை மீட்டரில் அளந்து 172-ஐ அதனால் வகுத்தால், அந்த அறை எந்த ஸ்வரத்தில் கும்மென்று எழும்பும் என்பது தெரியும். 5 மீட்டருக்கு ஏறக்குறைய 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டருக்கு 43, 3 மீட்டருக்கு 57. அந்த ஸ்வரம் சுவரோரம் முழங்கும். இரண்டு சுவருக்கும் நட்ட நடுவில் காணாமல் போகும். எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது. அதனால் சப்வூஃபரை முதலில் நீங்கள் உட்காரும் நாற்காலியில் தூக்கி வைத்து, பாஸ் ஸ்வரங்கள் படிப்படியாக இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேளுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே எடையில் கேட்கிற இடத்தில் அதை வையுங்கள். மூலையில் சத்தம் அதிகம் வரும், சமன் கெடும். ஒவ்வொரு அலைவரிசையையும் தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரால், ஒரு ஸ்வரம் ஓங்கும் மேட்டை வெட்டலாம். ஸ்வரம் காணாமல் போகும் பள்ளத்தை நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏற்ற 10 மடங்கு பவர் போகும், சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அதே அளவு வளர்ந்து மறுபடி அழித்துவிடும். கைக்கு எட்டினால் பெரியது ஒன்றைவிடச் சிறியது இரண்டு நல்லது. ஒன்றின் பள்ளத்தை மற்றது ஓரளவு மூடும்.

இணைத்த பிறகு கிராஸ்ஓவர், அதாவது சப்வூஃபர் எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்ற அமைப்பு. ஸ்டீரியோ ஆம்ப் பெரும்பாலும் ஸ்பீக்கர்களுக்கு முழு பாஸையும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸில் சரியத் தொடங்கினால், சப்வூஃபரை 80-ல் வைத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குரலே கனத்துவிடும். 50-ல் ஆரம்பியுங்கள். அடுத்து அதே அலைவரிசையில் ஒரு டோனை ஓடவிட்டு, வேறொருவரை சப்வூஃபரின் ஃபேஸ் குமிழைத் (அதன் அலையை ஸ்பீக்கரின் அலையோடு ஒத்துப்போக வைப்பது) திருகச் சொல்லுங்கள். நாற்காலியில் எப்போது சத்தம் அதிகமோ அதுவே சரி. இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் இணைப்பில் விழுந்த பள்ளத்தைக் கெயினை (சப்வூஃபரின் சத்த அளவு) ஏற்றி நிரப்பப் பார்த்து, மற்ற ஸ்வரங்களை வீங்கவைக்கிறார்கள். கெயினை வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே வையுங்கள். சத்தம் குறையக் குறையக் காதுக்கு பாஸ்தான் முதலில் மங்கும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

பாட்டு ஓடாதபோதும் உறுமல் கேட்டால் ஆம்பையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் சிக்னல் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றக் கூடாது.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம் ஹை லெவல் இணைப்பின் கறுப்பு வயரை எந்த ஆம்பானாலும் ஸ்பீக்கர் நெகட்டிவில் மாட்டச் சொல்கிறது. டி கிளாஸ் என்ற வகை ஆம்ப்கள் பலவற்றில் நெகட்டிவ் முனையிலும் சிக்னல் ஓடும். அங்கே அதை மாட்டினால் ஆம்ப் ஷார்ட் ஆகலாம். அத்தகைய ஆம்ப்களில் கறுப்பு வயர் ஆம்பின் சேஸிஸ் கிரவுண்டுக்குத்தான் (உலோகக் கூட்டோடு சேர்ந்த முனை) போக வேண்டும்; எதற்கும் ஆம்ப், சப்வூஃபர் இரண்டின் கையேட்டையும் பார்த்துவிடுவது நல்லது. அந்தப் படத்தை நம்பி யாரும் வயரை மாட்டுவதற்குள், அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்