பதினான்காவது கேள்வியை எடுத்துவிடு

அன்புள்ள தம்பி,

இங்குள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்கு ஆராய்ச்சிக்காக எடுத்துப் போக நீ தயாரித்த கேள்வித்தாளைப் படித்தேன். நாற்பத்திரண்டு கேள்விகள், உழைத்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் ‘ஒப்புதல் கையெழுத்து’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாயே, அதிலிருந்து தொடங்குகிறேன்.

1992இல் இலங்கைத் தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது, விரும்பித்தான் போகிறோம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். அதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பேனாவை நீட்டாதே. வாயால் சொன்னால் போதும் என்று உன் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கேள், காரணத்தோடு.

அப்புறம் அந்தப் பதினான்காவது கேள்வி. ‘இலங்கைக்குத் திரும்ப விருப்பமா? ஆம் / இல்லை.’

முகாமுக்கு உள்ளே போக நீ அரசுத் துறையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அந்தக் கடிதத்தோடு போகிறவன் அவர்கள் கண்ணுக்கு அரசாங்கத்து ஆள்தான். பதிவேடு வருவாய்த் துறையிடம், கண்காணிப்பு போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிரிவிடம். மாதப் பணக்கொடை, 2021இல் உயர்த்திய பிறகும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய்தான், அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் வருகிறது. நீ ஆராய்ச்சி மாணவன் என்று பத்து முறை சொன்னாலும், இந்தப் பதில் எங்கே போகும் என்ற கணக்கு அவர்கள் மனதில் ஓடும். நான் முதன்முதலில் போனபோது ஓர் அம்மா கேட்டார்: “என்ன எழுதவேணும் எண்டு சொல்லுங்கோ தம்பி, அதையே சொல்லுறன்.” நக்கல் இல்லை, எனக்கு உதவத்தான். நான் ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்று. முகாம்களில் மலையகத் தமிழர்களும் நிறையப் பேர். தாத்தா காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்றது. அவர்களிடம் ‘திரும்ப’ என்றால் எந்தப் பக்கம்?

அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, இலங்கையில் காணி இருக்கிறதா, யார் இருக்கிறார்கள், அவர்களோடு கடைசியாக எப்போது கதைத்தீர்கள் என்று கேள். ‘பேசினீர்கள்’ வேண்டாம், ‘கதைத்தீர்கள்’ என்றே கேள். ‘கணவர் உங்களிடம் அடிக்கடி பேசுவாரா?’ என்று எழுதியிருக்கிறாய். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘பேசுவார்’ என்றால் திட்டுவார் என்று பொருள். முகாமிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு தமிழும் தெரியும், பாட்டிகளிடம்தான் மாட்டிக்கொள்வாய்.

குடும்பச் சண்டை பற்றிய கேள்விகளை வீட்டில் வைத்துக் கேட்கவே கேட்காதே. பழைய முகாம் வீடுகள் பத்துக்குப் பத்து, நடுவில் ஒரே சுவர். நான் கேட்டபோது பக்கத்து வீட்டு டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. அந்தப் பெண் “அப்படியெல்லாம் ஒண்டுமில்லை” என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

வார நாளில் போனால் ஆண்கள் பெயின்ட் வேலைக்குப் போயிருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை போ. யார் வீட்டுக்குப் போவது என்று முகாம் தலைவர் கைகாட்டுவார். அவரிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் வீடுகளை உன் பட்டியலில் இருந்தே குலுக்கி எடு. முதல் நாள் பையைத் திறக்காதே. தேத்தண்ணி தருவார்கள், குடித்துவிட்டு வா.

திருத்தியதும் அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்