பஞ்சு எந்த ஊர்?

திருப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. "எங்கள் தொகுதி எம்.பி. ராஜா கிருஷ்ணமூர்த்தி அமெரிக்க நாடாளுமன்றத்தில் சீனா சீனா என்று பேசினாரே, அதனால் உங்கள் ஊருக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தாய். உண்டு மாப்ளே. என் மேஜை மேல் நாலு அங்குல உயரத்துக்குக் காகிதம் அடுக்கி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு அமெரிக்க பையர், ஒரே ஒரு டி-ஷர்ட் ஆர்டருக்குப் பஞ்சு எந்த ஊர் என்று ஆதாரம் கேட்டான். துணி பில், நூல் பில் எல்லாம் கையில் இருந்தது. அதற்கு முந்தின கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மில்லில் ஒரே ஊர்ப் பஞ்சையா போடுகிறார்கள்? பத்திருபது லாட் பேல்களைப் பிரித்துக் கலந்துதானே மெஷினுக்குள் விடுகிறார்கள். அந்த வாரம் எந்த லாட் போனது என்று மில் மேஸ்திரி ஒரு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது. குஜராத்தில் பஞ்சிலிருந்து விதை நீக்கும் ஜின்னிங் ஆலையின் பில், லாரி ரசீது எல்லாம் அதை வைத்துத்தான் தேடி எடுத்தோம். அதுவரை பணம் வரவில்லை. வட்டி என் தலையில்.

இதற்கெல்லாம் மூலம் 2021 டிசம்பரில் கையெழுத்தான உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம். கட்டாய உழைப்புச் சரக்குக்குத் தடை அமெரிக்காவில் 1930லேயே இருந்ததுதான். ஆனால் உள்நாட்டில் போதாத பொருளுக்கு விலக்கு வைத்திருந்தார்கள், அந்த ஓட்டையை அடைக்க 2016 ஆயிற்று. புதுச் சட்டம் வேலையைத் தலைகீழாக்கிவிட்டது. சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் சின்ஜியாங் பகுதியில் கொஞ்சம் செய்திருந்தாலும் அது கட்டாய உழைப்புதான் என்று முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது இறக்குமதி செய்பவன் பாடு. அவன் அதை என்னிடம் தள்ளுகிறான், நான் மில்லிடம். உலகப் பருத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கே விளைகிறது, அதனால் எந்த நூலைப் பார்த்தாலும் சந்தேகம்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். 2000த்தில் சீனாவுக்கு நிரந்தர வர்த்தகச் சலுகை கொடுத்தபோது, வருடா வருடம் சலுகையைப் புதுப்பிக்கலாமா என்று ஓட்டுப் போடும் உரிமையைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கைவிட்டது. அதற்கு ஆறுதல் பரிசு மாதிரி, சீனாவில் மனித உரிமை நிலையைக் கவனிக்க ஒரு ஆணையம் அமைத்தார்கள். செனட்டர் ஒன்பது பேர், கீழவை உறுப்பினர் ஒன்பது பேர், அரசுத் தரப்பில் ஐந்து பேர். விசாரணை நடத்துவதும் வருடம் ஒரு அறிக்கை எழுதுவதும் அரசியல் கைதிகள் பட்டியலை வைத்திருப்பதும்தான் வேலை. இதெல்லாம் பீரோவுக்குள் போகிற காகிதம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். 2020 மார்ச்சில் அதே ஆணையம் சின்ஜியாங் உழைப்பைப் பற்றி ஒரு அறிக்கை போட்டது, அதிலிருந்த உறுப்பினர்களே மசோதாவும் கொண்டுவந்தார்கள். கீழவையில் 428க்கு 1. இருபது வருடம் எழுதிய காகிதம் கடைசியில் மேஸ்திரியின் பென்சில் நோட்டு வரை வந்துவிட்டது.

எனக்கு இதில் வருத்தமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. நோட்டே போடாத சின்ன மில்களுக்கு நாளை ஆர்டர் கிடைக்காது. ஆனால் "எங்களுக்குத் தெரியாதே" என்று கையை விரிக்கிற வழியை யாராவது ஒருநாள் மூடத்தானே வேண்டும்? கோபம் வந்தது வேறொன்றில்தான். நான் ஒரு கன்டெய்னருக்கு இத்தனை காகிதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, 800 டாலருக்குள் என்றால் சீனாவிலிருந்து பார்சல் பார்சலாக வரியில்லாமல், பெரிய சோதனையும் இல்லாமல் வீட்டு வாசலுக்கே போனது. உன் கிருஷ்ணமூர்த்தி இருந்த, சீனாவைக் கவனிக்கும் கீழவைச் சிறப்புக் குழு 2023 ஜூனில் ஷீன், டெமு என்ற ஆன்லைன் கடைகளைப் பற்றி இதைத்தான் சொன்னது. சீனப் பார்சலுக்கு அந்தச் சலுகை நின்றது 2025 மேயில்.

அப்புறம் டிக்டாக். 2024 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியும் அந்தக் குழுவின் அப்போதைய தலைவர் கல்லகரும், சீனக் கம்பெனி டிக்டாக்கை விற்காவிட்டால் தடை என்று மசோதா கொண்டுவந்ததும், எம்.பி.க்குப் போன் போடுங்கள் என்று ஆப்பே பயனர்களிடம் சொன்னதாம். பிள்ளைகள் போன் போட்டுப் போட்டு அலுவலகங்களே திணறியிருக்கின்றன. போன் குவிந்த அன்றைக்கே கமிட்டியில் மசோதாவுக்கு 50க்கு 0! இவ்வளவு சாமர்த்தியமான ஆப் நமக்கு எதற்கு என்று பயந்துவிட்டார்கள் போல. நம் ஊரில் 2020 ஜூன் 29 அன்று ஒரே உத்தரவில் டிக்டாக் உட்பட 59 சீன ஆப் போயிற்று. நாடாளுமன்றத்தில் ஓட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்களிடம் விசாரணை, சட்டம், உச்ச நீதிமன்றம் எல்லாம் தாண்டியும் 2025 ஜனவரியில் டிக்டாக் சில மணி நேரம்தான் நின்றது. எது மேல் என்று நீயே சொல்லு. எனக்கு வேகம் பிடிக்கும்தான், ஆனால் காரணத்தைக் கேட்க ஒரு இடம் வேண்டாமா?

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உன்னை விசாரித்தாள். அடுத்த முறை அங்கே பனியன் வாங்கினால் காலரில் இருக்கிற சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. நம்ம பக்கத்துச் சரக்கா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்