அசல் வெண்ணெய் என்று எழுதி செம்பனைக் கொழுப்பை விற்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் கிளையின் வாடிக்கையாளர்,
பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் மாவட்டம், சிலாங்கூர்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோலாலம்பூர்.

பொருள்: உப்பு வெண்ணெய் ரொட்டி, குரோசாண்ட் ஆகியவற்றில் சேர்க்கப்படும் கொழுப்பு, கடையில் உள்ள தவறான விளம்பரம், எடுத்துச் செல்லும் ரொட்டிக்கும் வாங்கப்படும் சேவைக் கட்டணம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஊரில் தங்கள் ரொட்டிக்கடையின் கிளையைத் திறந்தபோது வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போன துண்டுப்பிரசுரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழியிலும் அச்சடித்திருந்தீர்கள். தமிழ்ப் பகுதியில் ‘அசல் வெண்ணெய் மட்டுமே, வேறு கொழுப்பு இல்லை’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. கடைக்குள் நுழைந்தால் சுவரிலும் அதே வாசகம். ஆனால் நான் வாங்கிய ஆறு ரொட்டிப் பரிசுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒட்டிய சீட்டில் மலாயில் முதலில் தெப்போங் கண்டும் (கோதுமை மாவு), அடுத்து லெமாக் சாயுரான் (தாவரக் கொழுப்பு), அதற்குப் பக்கத்தில் கெலாப்பா சாவிட் (செம்பனை, அதாவது பாமாயில் தரும் மரம்), அப்புறம் சீனி, முட்டை, அவற்றுக்கெல்லாம் பின்னால்தான் மெந்தேகா (வெண்ணெய்). சுவரில் எழுதியது உண்மையா, சீட்டில் எழுதியது உண்மையா? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். தமிழில் விளம்பரம் செய்தீர்கள், ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

சீட்டில் உள்ள வரிசை சும்மா எழுதியது இல்லை. எடை கூடுதலான பொருளிலிருந்து குறைவான பொருள் வரை வரிசையாகப் போட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் சொல்கின்றன. அப்படியானால் அந்த ரொட்டியில் வெண்ணெயைவிடச் செம்பனைக் கொழுப்பு அதிகம், சீனியைவிட வெண்ணெய் குறைவு. இதைத் தங்கள் தொழிற்கூடமே ஒப்புக்கொண்டு அச்சடித்திருக்கிறது. தட்டில் அடுக்கி உதிரியாக விற்கும் ரொட்டிக்கு இப்படிச் சீட்டு ஒட்டுவதில்லை. பெட்டி வாங்காமல் ஒன்றிரண்டாக எடுத்துப் போகிறவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. எனக்கும் பெட்டி வாங்கியதால்தான் தெரிந்தது.

சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே நாக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பதையும் சொல்கிறேன். நான் வீட்டிலேயே கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிறவள். தீபாவளி நெருங்கினால் என் அடுப்பு அணையாது. டின்னில் வரும் கோல்டன் சர்ன் வெண்ணெய் எப்படி இருக்கும், பிளாண்டா மார்ஜரின் எப்படி இருக்கும், இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் என்ன ஆகும் என்பது கைக்கும் வாய்க்கும் பழகிய விஷயம். வெண்ணெய் உடல் சூட்டுக்குக் கீழேயே, 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைந்து போகிறது. ரொட்டிக் கடைகளுக்கென்று செய்யப்படும் கொழுப்பு அப்படியல்ல. நம் வெயிலில் மாவு குலைந்துவிடக் கூடாது என்று, உடல் சூட்டைத் தாண்டித்தான் முழுதாக உருகும்படி அதைத் தயாரிக்கிறார்கள். விழுங்கிய பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒட்டிக்கொண்டிருக்கும். நெய்யில் கலப்படம் இருந்தால் எங்கள் வீட்டுக் கிழவிகள் கண்டுபிடிப்பதும் இதை வைத்துத்தான்.

உப்பு வெண்ணெய் ரொட்டியில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஜப்பானில் பிறந்த ரொட்டி அது. ஒரு கட்டி வெண்ணெயை நடுவில் வைத்து மாவைச் சுருட்டுவார்கள். சூளையில் வெண்ணெய் உருகி ஓடி, உள்ளே ஒரு பொந்தை விட்டுவிட்டு, அடிப்பாகத்தைப் பொரித்து எடுத்தது போல் மொறுமொறுப்பாக்கும். அந்த ரொட்டிக்குப் பேரே அந்த வெண்ணெயால்தான். தங்கள் ரொட்டியைப் பிய்த்தால் பொந்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பொந்தின் சுவரில் வெள்ளையாக ஒரு படலம். மதிய வெயிலில் மேசைமேல் வைத்திருந்தும் அது இளகவில்லை. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திருப்பினேன். குரோசாண்டும் இதே கதைதான். பார்க்க இதழ் இதழாக அழகு, வாயில் வைத்தால் தொண்டை வரை ஒரு பிசுபிசுப்பு.

செம்பனை எண்ணெய் மட்டமான பொருள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதை இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் என்று பழைய பெயர் இருந்த காலத்திலிருந்தே எங்கள் ஊர் செம்பனையால் சோறு தின்ற ஊர். 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வாணிபத்துக்குச் செம்பனை நட்டது இதோ பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தக் குலைகளை வெட்டியவர்களும் உதிரிப்பழம் பொறுக்கியவர்களும் எங்கள் ஆட்கள். என் வீட்டு முறுக்கு வேகுவதும் அந்த எண்ணெயில்தான். தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுவந்த பாயும் பன்னுக்குள் மார்ஜரின்தான் தடவித் தந்தார். நாங்களும் ஆசையாகத் தின்றோம். அவர் ஒருநாளும் அதை வெண்ணெய் என்று சொல்லி வெண்ணெய்க்கான விலை கேட்டதில்லை. தாங்கள் பாரிஸ் கோபுரத்தைச் சுவரில் வரைந்து, பிரெஞ்சுப் பாட்டு ஓடவிட்டு, எங்கள் தோட்டத்து எண்ணெயையே எங்களிடம் ஒளித்து விற்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பிரான்சையே எடுத்துக்கொள்வோம். அங்கேயும் மார்ஜரின் போட்ட குரோசாண்ட் உண்டு. ஆனால் வெண்ணெய் போட்டதற்கு வெண்ணெய் குரோசாண்ட் என்றும் மற்றதற்குச் சாதாரண குரோசாண்ட் என்றும் பெயர் வைத்துத் தனித்தனியாக விற்பது வழக்கம். வாங்குகிறவர் எது வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை அந்த இடத்திலேயே செய்யாமல், உறைய வைத்த மாவை வரவழைத்துச் சுடுகிற கடை, ரொட்டிக்கடை என்ற பெயரையே பலகையில் போட்டுக்கொள்ள முடியாது. 1998இல் அங்கே அப்படிச் சட்டமே போட்டுவிட்டார்கள். தங்கள் கிளைக்கு முன்னால் காலையில் குளிர்பதன லாரி நின்று அட்டைப்பெட்டிகள் இறங்குவதை இந்த ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. சுவரில் ‘இங்கேயே கையால் பிசைந்தது’ என்று இருக்கிறது. உறைய வைத்து எடுத்து வந்தால் ரொட்டி கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை, நன்றாகச் செய்தால் நன்றாகவே வரும். எழுதியதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தங்கள் புளித்தமாவு ரொட்டி உண்மையிலேயே நல்ல ரொட்டி. கோலாலம்பூரில் வேலை செய்யும் என் மகள் அதைப் பற்றி ஓயாமல் பேசியபோது, படம் பிடித்துப் போடுவதற்காகத் தின்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாங்கிப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மேலோடு கத்திக்கு முறுமுறுவென்று உடைகிறது, உள்ளே ஈரம் காயவில்லை, நாலைந்து நாள் வெளியே இருந்தும் பூசணம் பிடிக்கவில்லை. நம் தோசைமாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் உறவுக்காரர்கள்தான் அதிலும் வேலை செய்கின்றன, அந்தப் புளிப்புதான் ரொட்டியைக் காக்கிறது. அதற்குக் கொழுப்பே தேவையில்லை, ஆகவே அதில் ஏமாற்றவும் இடமில்லை. அந்த ஒரு ரொட்டிக்காகக் கோலாலம்பூரில் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் நிற்கட்டும். கேக் வகைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அலங்காரம் அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊர் வரிசை அந்த ரொட்டிக்கு நிற்கவில்லை. கடை திறந்த வாரத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகள், தாமான்களிலிருந்து (வீடமைப்புப் பகுதிகளிலிருந்து) குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் எல்லாரும் உப்பு வெண்ணெய் ரொட்டியைப் பிய்த்து வீடியோ எடுக்கத்தான் நின்றார்கள். ஒரு பெட்டி 39 வெள்ளி (ரிங்கிட்). இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அந்தச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர் தன் பிள்ளை ஆசைப்பட்டதென்று ஒரு பெட்டி வாங்கினால் நாலரை மணி நேரம் உழைத்த கூலி போய்விடும். விலையை வைப்பது தங்கள் உரிமை, பிடிக்காதவர்கள் வாங்காமல் போகலாம். எதற்காக அந்த விலை என்று தாங்களே சுவரில் காரணம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தக் காரணம் பொய் என்றால் விலையும் பேச்சுக்கு உரியதாகிறது.

ரசீதில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. பெட்டிக்குச் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 3 வெள்ளி 90 காசு. 6 விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துக்குப் போகிறது, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் இந்தப் பத்து விழுக்காடு கடைக்குப் போவது. தட்டையும் இடுக்கியையும் நானே எடுத்தேன், உதிரி ரொட்டிகளை நானே பொறுக்கி வைத்தேன், பெட்டியை நானே முகப்புக்குக் கொண்டுவந்தேன், உட்காரவும் இல்லை, வீட்டுக்குத்தான் எடுத்துப் போனேன். யார் எனக்கு என்ன சேவை செய்தார்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு கட்டணம் உண்டு என்ற அறிவிப்பும் முகப்பில் கண்ணுக்குத் தென்படவில்லை.

மறுநாளே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். மேலாளர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. ‘ஆன்டி, இதையெல்லாம் இங்கே யாரும் கேட்டதில்லை, எல்லாம் தலைமை அலுவலகம் முடிவு பண்றது’ என்றார். யாரும் கேட்காதது உண்மையாகவே இருக்கலாம். அப்புறம் தங்கள் செயலியில் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு பதிலும், அடுத்த முறை வாங்கும்போது பத்து விழுக்காடு விலைக் கழிவு என்று ஒரு பற்றுச்சீட்டும் (வவுச்சரும்) வந்தன. நான் கருத்துச் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன். கேள்விக்குப் பதில் கழிவு இல்லை. தவிர, பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பத்து விழுக்காடு கழிவு தருவது யாருக்கு லாபம் என்று என் மகள் சிரித்தாள்.

தங்கள் பணியாளர்களில் ஒருவர் எனக்கு உண்மையைச் சொன்னார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எந்த ரொட்டி எதில் செய்தது என்று கேட்டபோது, தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, ‘அடிச் சீட்டைப் பாருங்கள்’ என்றார். யார் என்று எழுத மாட்டேன், தேடவும் வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் பலர் பகுதி நேரமாக அங்கே நின்று படிப்புக்குச் சம்பாதிக்கிறார்கள். இந்தக் கடிதத்தால் அவர்களில் ஒருவருக்காவது வேலை போனால், அது இந்தப் புகாரைவிடப் பெரிய புகாராக வரும்.

நான் கேட்பது இதுதான். உப்பு வெண்ணெய் ரொட்டியிலும் குரோசாண்டிலும் என்னென்ன கொழுப்பு, எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று எழுத்து மூலம் சொல்லுங்கள். ‘அசல் வெண்ணெய் மட்டுமே’, ‘இங்கேயே கையால் பிசைந்தது’ என்ற இரண்டு வாசகங்களையும், அவை உண்மையாகும் நாள் வரை, சுவரிலிருந்து எடுங்கள். உதிரி ரொட்டித் தட்டுகளுக்கு முன்னால் விலை எழுதியிருக்கும் அதே அட்டையில் கொழுப்பின் பெயரையும் போடுங்கள், ஒரு வரி கூடுதலாக அச்சடிப்பது பெரிய செலவு ஆகாது. முழு வெண்ணெயில் செய்து விலையை இன்னும் ஒரு வெள்ளி கூட்டினாலும் வாங்க நான் தயார். செம்பனைக் கொழுப்பிலேயே செய்து, அப்படியே சொல்லி, விலையைக் குறைத்தாலும் வாங்குவேன். பெட்டிக்கான 39 வெள்ளியையும் சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். பற்றுச்சீட்டு வேண்டாம், பணமாகவே வேண்டும்.

இக்கடிதம் தங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்வேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள். என் கோரிக்கை ஐம்பது வெள்ளியைக்கூடத் தொடாது என்பது எனக்கும் தெரியும். பொருளைப் பற்றித் தவறான விவரம் தருவது 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதால், உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவுக்கும் இதே கடிதத்தின் நகலை அனுப்புவேன்.

பெட்டியின் அடிச் சீட்டு, ரசீது, துண்டுப்பிரசுரம் மூன்றின் நகல்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் கிளையில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெஸ்தாரி ஜெயா.